தலையீத்துக்காரியும் என் வலது முழங்கையும்

காபித் தம்ளரைத் தூக்கியபோதுதான் முதலில் தெரிந்தது. தம்ளரில் பாதிதான் இருந்தது. வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில், எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், சுருக்கென்று ஒரு வலி. விரல்கள் தாமாக விரிந்துகொண்டன. தம்ளர் மேடையில் விழுந்து உருண்டு, காபி அடுப்புக்கு அடியில் ஓடியது. கூடத்தில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கணவர், "என்ன அம்மணி?" என்றார். "கை வழுக்கிருச்சுங்க" என்றேன்.

நான் பயந்த சுபாவம். தலை வலித்தால் மூளையில் கட்டி என்றுதான் எனக்குத் தோன்றும். கணவரின் பைக் சத்தம் வழக்கமான நேரத்துக்குக் கேட்காவிட்டால் என் மனசு ஆஸ்பத்திரி வாசல் வரை போய் நின்றுவிடும். அதனால் தம்ளர் விழுந்த அடுத்த நிமிஷமே இது பக்கவாதம் என்று முடிவு கட்டினேன். கண்ணாடி முன்னால் போய் நின்று சிரித்துப் பார்த்தேன். வாய் கோணவில்லை. நாக்கை நீட்டிப் பார்த்தேன். அதுவும் நேராகத்தான் இருந்தது. சரி, பக்கவாதம் இல்லை, அப்படியானால் நரம்பு என்று அடுத்த பயத்துக்குத் தாவினேன்.

பெருந்துறைக்குப் பக்கத்தில், தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் வீடு. கணவருக்கு அங்கே ஒரு துணி ஆலையில் ஷிப்ட் வேலை. எனக்கு மாடுகள். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டிலிருந்து ஒரு கிடாரிக் கன்றைப் பிடித்து வந்தேன். இன்று எங்கள் கட்டுத்தரையில் நிற்பவை எல்லாம் அதன் மகள்களும் பேத்தியும்தான். டிகிரி முடித்துவிட்டுச் சாணி அள்ளுகிறாளே என்று பேசியவர்கள் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும். அந்தக் கட்டுத்தரையில் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அப்படி ஓர் இடம் எத்தனை பெண்களுக்கு இருக்கிறது?

கணவர் நல்லவர். ஆனால் அவரிடம் எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரே மருந்துதான் உண்டு. சோளத்தட்டு விலை ஏறினால், "மாட்டை வித்துப்போடலாம் அம்மணி" என்பார். மழை பெய்யாவிட்டாலும் அதே பேச்சு. ஒரு தடவை மிக்சி ரிப்பேர் ஆனதற்கும் அதையே சொன்னார். இருபது வருஷமாக நானும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன். அது வாய்ப்பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் கறக்கிற கையே போய்விட்டால், அந்தப் பேச்சுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதனால்தான் கை வழுக்கியது என்றேன். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

அன்று மாலை கறக்க உட்கார்ந்தபோதே என் பயம் முழுசாக உருவெடுத்துவிட்டது. மற்ற இரண்டும் பெரிய மாடுகள், நீளக் காம்பு, பொறுமைசாலிகள். பிரச்சினை தலையீத்துக்காரியிடம். முதல் கன்று போட்டவள் என்பதால் நான் வைத்த பெயர் அது. அவளுடைய காம்புகள் குட்டை. முழுக் கையால் பிடிக்க இடம் கிடைக்காது. கட்டை விரலை உள்ளே மடக்கி, அந்த மடக்கின முட்டிக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே காம்பை இறுக்கி, கீழே இழுத்துப் பீய்ச்ச வேண்டும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் கறப்பது இப்படித்தான். நானும் பாவாடை கட்டிய வயசிலேயே இப்படித்தான் பழகினேன். கறக்கும்போது இதில் ஒரு தவறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. சோற்றைப் பிசையும்போது கையைப் பற்றி யாராவது யோசிப்பார்களா?

குட்டைக் காம்பு போதாதென்று அவளுக்குக் குணமும் உண்டு. நான் உட்கார்ந்தால் மட்டுமே பாலை இறக்குவாள். வேறு யார் உட்கார்ந்தாலும் மடியை இறுக்கிக்கொண்டு, பின்னங்காலைத் தூக்கி உதைப்பாள். கணவர் ஒரு தடவை முயன்று தொடையில் வாங்கினார். பாலைக் கறக்காமல் மடியில் விட்டால் மடி வீங்கும், கல்லாகும், ஒரு காம்பு அடைத்துப் போனால் திரும்ப வராது. ஆக, என் கை நின்றால் அவள் மடி கெடும். மடி கெட்ட மாடு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று ஒவ்வொரு இழுப்புக்கும் முழங்கையில் ஊசி குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு கறந்து முடித்தேன். அவள் திரும்பிப் பார்த்து என் தோளை நக்கினாள். அவள் எனக்காகத்தான் சுரக்கிறாள் என்பதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பால் சொசைட்டியில் கேனை இடது கையால் இறக்கியதை அங்கே நின்ற அக்கா ஒருவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒருவருக்கு வலி என்றால் வாயால் மட்டும் விசாரிக்க மாட்டார்கள். "எங்கீங்க வலிக்குது, இங்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அந்த இடத்தை அழுத்துவார்கள். அவர் அழுத்தினார். அடுத்து நின்றவரும் அழுத்திப் பார்த்தார். "சுளுக்குத்தானுங்க" என்றார் ஒருவர். "வாயுவுங்க, பூண்டு வறுத்துத் தின்னுபோட்டா எறங்கீரும்" என்றார் இன்னொருவர். அத்தனை மரியாதையாகக் கேட்கும்போது கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லிப்போடாதீங்கக்கா" என்று கேட்டுக்கொண்டேன்.

சுளுக்கு எடுக்கிறவர் பக்கத்து ஊரில் இருந்தார். கணவர் பகல் ஷிப்டில் இருந்த நாளாகப் பார்த்து பஸ் ஏறிப் போனேன். அவர் எண்ணெயைச் சூடாக்கி, வலி இருந்த இடத்திலேயே கட்டை விரலை ஊன்றி நீவினார். உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் கையை முறுக்கி ஒரு வெட்டு வெட்டினார். "நாளைக்கே பாருங்க, பழைய கை" என்றார். மறுநாள் பார்த்தேன். கதவின் தாழ்ப்பாளைத் திருப்ப முடியவில்லை. அவர் மேல் கோபம் வந்தது. அதைவிட, கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த என் மேல் கோபம் வந்தது.

பிறகு மருந்துக்கடை மாத்திரை. அதைப் போட்டால் அரை நாள் வலி அடங்கும். அடங்கியதும், பரவாயில்லையே என்று விட்டுப்போன வேலையை எல்லாம் இழுத்துப்போட்டுச் செய்வேன். தவிட்டு மூட்டையை நகர்த்துவேன், போர்வைகளை அலசிப் பிழிவேன். மாலையில் வலி முன்னைவிட அதிகமாக வந்து உட்காரும். இதற்கு நடுவில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வேறு வந்துவிட்டது. வலி குறைந்திருக்கிறதா என்று எந்நேரமும் சோதித்துப் பார்ப்பேன். அந்த எலும்பை அழுத்துவேன். தண்ணீர்ச் செம்பைக் கவிழ்ந்த கையால் தூக்குவேன். துணியை முறுக்குவேன். வலித்தால் அடுத்த மாத்திரையைத் தேடுவேன். வலிக்காவிட்டால் சரியாக அழுத்தவில்லையோ என்று மறுபடி அழுத்துவேன். வாரங்கள் இப்படியே போயின.

முகத்தை மறைக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை. கட்டுத்தரைக்குப் போகும்போதே முகம் சுருங்கும். கறந்துவிட்டு எழும்போது கடுகடுவென்று இருக்கும். கணவர் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். "வித்துப்போடலாம்" என்பதையும் அவர் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாட்டுப் புரோக்கர் இறங்கினார். பின்னாலேயே மதுக்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். என் கணவர் அவர்களை வாங்க வாங்க என்று வரவேற்றுத் தலையீத்துக்காரியிடம் கூட்டிவந்தார். என் கண்ணைப் பார்க்காமல், "சும்மா பாத்துட்டுப் போகட்டும் அம்மணி" என்றார். வந்தவர்கள் முன்னால் சண்டை போட முடியுமா? நானே உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். என் மாட்டை வாங்க வந்தவர்களுக்கு என் கையாலேயே மோர்.

கறவை மாட்டை வாங்க வருகிறவர்கள் கறக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள். வீட்டுக்காரர் அவர்கள் கண்முன்னால் கறந்து காட்ட வேண்டும். பால் எப்படி விழுகிறது, நாலு காம்பும் ஒரே மாதிரி வருகிறதா, நடுவில் நிறுத்தாமல் குண்டா நிறைகிறதா என்று பார்ப்பார்கள். கறக்கும் நேரம் ஆகிவிட்டது. வேறு யாரும் உட்கார முடியாது. வழக்கம்போல் சேலைக்கு மேல் கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நான்தான் உட்கார்ந்தேன்.

முன்காம்பு இரண்டும் சரியாகத்தான் வந்தன. நுரை எழும்பியது. வாங்க வந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். பின்காம்புக்குக் கையை மாற்றியபோது முழங்கை சட்டென்று விட்டுவிட்டது. விரல்கள் இறுக மறுத்தன. பீய்ச்சினேன், நூல் மாதிரி வந்தது. மறுபடி பீய்ச்சினேன், சொட்டியது. கையை உதறிவிட்டுத் திரும்பப் பிடித்தேன்.

வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இந்தக் காம்பு அடைப்புங்களா?" என்றார். புரோக்கர் அவசரமாக, "அதெல்லாம் இல்லீங்க" என்றார். "இல்லீன்னா பால் ஏன் நிக்குதுங்க? காம்பு போன மாட்டை நாங்க ஓட்டீட்டுப் போயி என்ன பண்றது?"

சும்மா இருந்திருந்தால் வியாபாரம் அத்தோடு முறிந்திருக்கும். மாடு எனக்குத்தான் மிஞ்சியிருக்கும். இதை நான் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரத்தில், என் மாட்டைப் பார்த்துக் காம்பு போனது என்று ஒருவர் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. குண்டாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"மாட்டுல ஒரு குறையும் இல்லீங்க. குறை எங் கையில. முழங்கை வலிச்சு ரண்டு மாசமாச்சு. தம்ளரத் தூக்க முடியல, தாப்பாளத் திருப்ப முடியல. எங்கூட்டுக்காரருக்கே தெரியாது. மாட்டைச் சொல்லாதீங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கணவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள், "நான் பாக்கறனுங்க" என்று முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். தலையீத்துக்காரி ஒரே உதையில் குண்டாவைக் கவிழ்த்தாள். பால் முழுக்கத் தரையில் ஓடியது. "நல்ல மாடுதானுங்க, ஆனா அக்கா கைக்கு மட்டுந்தான் நிக்குது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவர்கள் வேனில் ஏறினார்கள்.

வேன் போனதும் கணவர் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "ஏனம்மணி எங்கிட்டச் சொல்லல?" என்றார். "சொன்னா வித்துப்போடுவீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கறக்கப் போறப்பெல்லாம் நீ மூஞ்சியச் சுளிக்கறத பாத்தேன். உனக்கு மாடு சலிச்சுப்போச்சு, எங்கிட்டச் சொல்லக் கூச்சப்படறேன்னு நெனச்சேன். அதான் புரோக்கருக்குச் சொன்னேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வலியை மறைக்கப்போய் நானே வேனை வாசலுக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.

அந்த வாரமே என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். பீளமேட்டில் ஒரு மருத்துவமனை. பஸ் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆபரேஷன் என்பார்களா, கையே போய்விட்டது என்பார்களா என்று வழி நெடுக மனசுக்குள் உருட்டிக்கொண்டே போனேன். டாக்டர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார். அவள் என் நடுவிரலை நீட்டச் சொல்லி மேலிருந்து லேசாக அழுத்தினாள். முழங்கையில் அதே ஊசி. "இதானுங்கக்கா" என்றாள். பிறகு தன் இரண்டு விரலை நீட்டி, "இதையே காம்புன்னு நெனச்சுக் கறந்து காட்டுங்க" என்றாள். நான் தயங்கினேன். கணவர் சிரித்தார். கறந்து காட்டினேன். அவள், "ஆத்தாடி" என்று விரலை இழுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு தொங்கிப்போகாமல் நிமிர்த்திப் பிடிக்கிற தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து ஒரு நாணாக முழங்கையின் அந்த வெளி எலும்பில் வந்து ஒட்டுகின்றன. விரல் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவுக்கு அந்த நாண் இழுபடும். கட்டை விரலை மடக்கி இறுக்கி இழுக்கும்போது இன்னும் அதிகம். காலையும் மாலையும் வருஷக்கணக்காக இழுத்ததில், ஆறுவதற்கு நேரம் கிடைக்காமல் அது நைந்துபோயிருக்கிறது. அறுந்துபோகவில்லை. நரம்பும் இல்லை, வாயுவும் இல்லை.

"அப்ப கை போயிராதுங்களா?" என்று கேட்டேன். "போகாதுங்க. ஆனா நாளைக்கே சரியாகவும் ஆகாது. மாசக்கணக்குல ஆகும்" என்றாள். ஊசி போட்டால் உடனே அடங்காதா என்று கணவர் கேட்டார். அடங்கும், ஆனால் பலருக்குத் திரும்பவும் வருகிறது என்றாள். கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டுச் சும்மா இருந்தாலும் நாண் இன்னும் நோஞ்சானாகிவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துத்தான் அதைத் தேற்ற வேண்டும். முன்கையை மேஜையில் படுக்க வைத்து, ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, இறக்கும்போது வலது கையின் பலத்தில் மட்டும் மெதுவாக இறக்கச் சொன்னாள். லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் வரை நின்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்த்திருக்க வேண்டும். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தாள். "சும்மா சும்மா அழுத்திப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். எப்படித் தெரிந்தது என்றேன். "வந்ததுல இருந்து அழுத்தீட்டேதான் இருக்கறீங்க" என்றாள்.

கடைசியாகத்தான் கறவைக்கு வந்தாள். பெரிய மாடுகளை முழுக் கையால், கட்டை விரலை மடக்காமல், கொஞ்சமாகக் கறக்கலாம். குட்டைக் காம்பு மாட்டைக் கை தேறும்வரை தொடவே கூடாது. அப்படியானால் அவளை யார் கறப்பது? கணவர், "நான் கறக்கறேன், நைட் ஷிப்டே கேட்டு வாங்கிக்கறேன்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் தூங்கிவிட்டார். நான் தலையீத்துக்காரியின் மடி வீங்கிக் கிடப்பதைக் கண்முன்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதல் சில நாட்கள் நான் பயந்தபடியேதான் நடந்தது. அவர் உட்கார்ந்தால் அவள் பாலை இறக்கமாட்டாள். என்னை அவள் தலைமாட்டில் நிற்கவைத்துக் கழுத்தைத் தடவச் சொன்னார். கொஞ்சம் இறக்கினாள். மீதியை மடியில் விட்டுவிடுவாளோ என்று நான் ஒவ்வொரு வேளையும் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முழங்கையை அழுத்துகிற பழக்கம் மடிக்கு மாறியது, அவ்வளவுதான். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. நான் கறக்கும்போது மாட்டிக்கொள்கிற அந்தப் பழைய சட்டையைத் துவைக்காமல் எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலையில் நான் கட்டிக்கொள்கிற துண்டு. யாராவது பார்த்தால் மானம் போகும் என்றேன். "மாடு பாக்கோணும், அது போதும்" என்றார். அவள் அவரை முகர்ந்தாள். உதைக்கவில்லை. முழுக் கைக்கும் பிடி கிடைக்காத காம்பைக் கட்டை விரலை நிமிர்த்தியே பிடிக்க அவர் மெதுவாகப் பழகினார். அவருக்குப் பழைய பழக்கம் இல்லாததால் அது எளிதாக வந்தது.

மழைக்காலம் வந்தபோது நான் காபித் தம்ளரை யோசிக்காமல் தூக்க ஆரம்பித்திருந்தேன். பாட்டிலில் தண்ணீரின் அளவு கூடியிருந்தது. சில நாள் வலி திரும்பி வரும். அன்றெல்லாம் இது போகவே போகாது என்று நம்பி உட்கார்ந்திருப்பேன். மறுநாள் குறைந்திருக்கும்.

ஒரு காலையில் அவர் அந்தப் பழைய சட்டையை மாட்டவில்லை, துண்டும் கட்டவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அதே பேன்ட் சட்டையோடு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என்னைத் தலைமாட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. நான் தீவனச் சட்டியோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். தலையீத்துக்காரி சோளத்தட்டை மென்றுகொண்டே பாலை இறக்கினாள். நாலு காம்பிலும் சீராக வந்தது. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி அவள் மடிக்கு ஒன்றும் ஆகாது. இனி யாரும் வேனைக் கூப்பிட மாட்டார்கள். இத்தனை மாதமாக நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். ஆனாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் கை இல்லாவிட்டால் அவள் இல்லை என்று நம்பித்தானே அந்தக் கையை நைந்துபோகும்வரை இழுத்தேன். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "கை வலிக்குதா அம்மணி?" என்றார்.

கை வலிக்கவில்லை. "ஆமாங்க" என்றேன்.